எழுப்பாமல் விட்ட காமன்

அண்ணே,

தோட்டத்துக் கடையிலிருந்த அந்தப் பழைய ரேடியோ இப்போது என் காம்பரா அறையில்தான் இருக்கிறது. இன்று காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன் அதன் குமிழைத் திருப்பினேன். வால்வு சூடாகித் தூசு கருகும் வாசனைதான் முதலில் வந்தது, குரல் அப்புறம். அந்த வாசனை வந்தாலே நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

பகலெல்லாம் ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்கு எழுத்து அடித்துவிட்டு, சாயங்காலம் லயத்தில் உட்கார்ந்து ரேடியோ நாடகம் எழுதுவீர்கள். கொழும்பிலிருந்து உங்கள் நாடகம் ஒலிபரப்பாகும்போதெல்லாம் தோட்டமே கொண்டாடும். உங்கள் கெட்டிக்காரத்தனம் எனக்குத்தானே தெரியும். எல்லாக் கதாநாயகிக்கும் என் அழுகையைத்தான் கொடுத்தீர்கள். "நீ அழுதா ஊரே நம்பும் புள்ள" என்பீர்கள்.

மாசி மாதம் தோட்டத்தில் ஆடும் காமன் கூத்தையும் ஒருமுறை நாடகமாக்கினீர்கள். நீங்கள் காமன், நான் ரதி. றொசல்லையில் ரயிலேறிக் கொழும்புக்குப் போய்ப் பதிவு செய்தோம். சிவன் காமனை எரிப்பது, ரதியின் ஒப்பாரி, மூன்றாம் நாள் காமனை எழுப்புவது, எல்லாம் பேசினோம். அரை மணிக்குள் அடங்கவில்லை என்று தயாரிப்பாளர் கடைசிக் காட்சியை வெட்டச் சொன்னார். ஒப்பாரியில் முடிந்தால்தான் மனதில் நிற்கும் என்று நீங்களும் தலையாட்டினீர்கள்.

ஒலிபரப்பான சாயங்காலம் பனி இறங்கியிருந்தது. கடை வாசல் முழுக்க ஜனம். கூத்துக்குத் தப்படிக்கும் மாமா முன்னால் இருந்தார். ரேடியோவுக்குள் நீங்கள் எரிந்தீர்கள். வெளியே என் பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டு அதைக் கேட்டீர்கள். என் ஒப்பாரி முடிந்து சினிமாப் பாட்டு வந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் உங்களையே பார்த்தார்கள்.

"எரிச்சவன எழுப்பாம விட்டுட்டீங்களே தம்பி. அவன் எங்க போவான்?" என்றார் மாமா.

நீங்கள் சிரித்து மழுப்பினீர்கள்.

மறுநாள் உங்களுக்குக் குரல் இல்லை. பனிக்காற்று என்று கசாயம் வைத்துக் கொடுத்தேன். ஆனால் மேல் மலையில் கொழுந்தெடுத்த பெண்கள், பனிக்குள்ளிருந்து நீங்கள் "ரதி, ரதி" என்று கூப்பிட்டதாகச் சொன்னார்கள். அந்நேரம் நீங்கள் ஸ்டோரில் இருந்தீர்கள். பிறகு ஒருநாள் நானும் கேட்டேன். உங்கள் குரலேதான், அண்ணே. கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தால், பாயில் படுத்திருந்தீர்கள். வாய் அசைந்தது, காற்றுத்தான் வந்தது.

வெட்டிய காட்சியை எப்படியாவது ஒலிபரப்புங்கள் என்று கொழும்புக்கு எழுதினீர்கள். அந்த நாடாவில் வேறெதையோ பதிந்துவிட்டார்களாம். மழைக்காலம் முடியுமுன் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. நீங்கள் போன பிறகும் மலையில் அந்தக் குரல் ஓயவில்லை. பெண்கள் அந்தப் பக்கம் கொழுந்தெடுக்கப் பயந்தார்கள்.

அடுத்த மாசியில், காமனை எழுப்பும் நாளன்று மாமா என்னைத் தேடி வந்தார்.

"ரேடியோக் காமன் இன்னும் எந்திரிக்கலம்மா. அவன் பேசின வார்த்தைய நீதான் கேட்டிருக்க. வந்து சொல்லிரு."

கூத்தாடும் காமன் பொட்டலில் நின்று, நீங்கள் பதிவில் பேசியபடியே சொன்னேன்.

"ரதி, வந்துட்டேன். அழாத."

தப்பு முழக்கம் நின்றது. பனிக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. உங்கள் பீடி இருமல். அதற்குப் பிறகு மலையில் யாரும் கூப்பிடவில்லை.

இப்போதும் மாசிக்கு மாசி நான்தான் சொல்கிறேன். தொண்டை என்னுடையது, வருகிற குரல் உங்களுடையது. சின்னப் பிள்ளைகள் மிரண்டு தாயின் சேலைக்குள் ஒளிகிறார்கள். எனக்கு, என்றைக்காவது அது வராமல் போய்விடுமோ என்றுதான் பயம், அண்ணே.