ஒலக்கூரில் நின்ற கார்டு பெட்டி

இன்று காலை மழையில் நனைந்த ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். கையில் ஒட்டிய துரு வாசனையில் நீ வந்துவிட்டாய். தாது வண்டியைப் பார்க்கப் போன நாளெல்லாம் நம் சட்டையில் ஏறிய அதே வாசனை. சோப்பு போட்டும் போகவில்லை. மறுபடி கழுவ அலுப்பாக இருந்தது. அப்படியே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் விழுப்புரத்தில் சைக்கிள் கடைக்காரன். நீ திண்டிவனத்தில் டிராயிங் மாஸ்டர். இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போன அந்தக் கரி எஞ்சின் வண்டிதான் நம்மைச் சேர்த்தது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து நீ அதை வரைந்துகொண்டிருந்தாய்.

"சக்கரம் ஒண்ணு உட்டுட்டியே" என்றேன்.

"நீ நகந்தாத்தானே தெரியும்" என்றாய்.

அதன்பின் நமக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்டவாளத்தோரம்தான்.

மின்சாரக் கம்பி வந்தது. கரி எஞ்சின்கள் ஒவ்வொன்றாக எங்கோ போயின. எதையாவது காப்பாற்றி வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தவன் நீ. தாது வண்டியின் வாலில் ஓடிய கார்டு பெட்டி ஒன்று, ஒலக்கூர்ப் பக்கம் யாரும் சீந்தாத தண்டவாளத்தில் கிடந்தது. அதைப் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தி, உள்ளே உன் படங்களை மாட்ட வேண்டும். எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினோம்! "ஒடைக்கப் போற பெட்டிக்கா இவ்ளோ பேஜாரு?" என்று சிரித்தார்கள். ஒருவழியாக அனுமதி கிடைத்தது. பெட்டியைப் பிரித்து எடுத்துவர லாரியும் ஆட்களுமாகப் போனோம்.

பெட்டிக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"ரயில்காரங்களா? மழையில ஊடு உழுந்துடுச்சிங்க. புள்ளைங்கள வச்சிக்கினு இதுலதான் கெடக்கறோம். இந்த மழை உடட்டும், போயிடறோம்."

நீ உள்ளே பார்க்கலாமா என்று அவளிடம் கேட்டாய். கார்டு உட்காரும் பலகையில் மிளகாய் காய்ந்தது. விளக்கு மாட்டும் கொக்கியில் தூளி தொங்கியது. இறங்கி வந்து, "லாரிய அனுப்பிடு" என்றாய்.

"நாயா அலைஞ்சி வாங்கினதுடா! அவங்களுக்கு வேற எடம் பாக்கலாம்."

"எங்க? உன் கடையிலயா?"

லாரிக்காரருக்கு வாடகையை எண்ணிக் கொடுத்தேன். நீயோ அவள் கொடுத்த அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டே, கொடியை எந்தப் பக்கம் காட்டுவார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

அனுமதி காலாவதியானது. கோடையில் அவர்கள் ஏரிக்கரையில் குடிசை போட்டபோது கீற்று வாங்கிக் கொடுத்தது நீதான் என்று பிறகு தெரிந்தது. பெட்டி காலியாகிவிட்டதே என்று மறுபடி ஆபீசுக்கு ஓடினோம். நாம் போய்ச் சேர்வதற்குள் அதை வெட்டி எடைக்குப் போட்டுவிட்டார்கள். வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "ஒரு மழைக்காலம் ஆச்சும் ஒதவுச்சே" என்றாய். எனக்கு அது போதவில்லை. உண்மையைச் சொன்னால், இன்றும் போதவில்லை.

அடுத்த வருஷம் நெஞ்சுச்சளி உன்னைக் கொண்டுபோனது. ஒலக்கூரிலிருந்து அவள் பிள்ளைகளோடு வந்து, எடுக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

நான் இன்னும் அலைகிறேன். பழைய டிரைவர், கார்டு வீடுகளுக்குப் போய், தாது வண்டிக் காலத்துச் சாமான் ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்கிறேன். போன வாரம் ஒரு வீட்டில் கார்டின் கைவிளக்கைப் பார்த்தேன். எப்படியாவது வாங்கிவிட ஆசை. ஆனாலும் இப்போதெல்லாம், "இது உங்களுக்கு வேணுமா?" என்று கேட்ட பிறகுதான் எதற்கும் கை நீட்டுகிறேன். உன்னிடமிருந்து தொற்றிய பழக்கம்.

"மாட்டுக் கொட்டாய்க்கு வேணுங்களே" என்றார்கள்.

சரி என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.