பாய்லரின் மூச்சுக்குழாய்

வைட்டலா சாலை
நவம்பர் 4, 1984

அன்புள்ள வில்பர்ட்,

நானும் கெய்லும் சுகம். நீயும் சுகம்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். வாரம் ஒரு கடிதம் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறியவன் மூன்று வாரமாகக் கல்லுளிமங்கனாக இருந்தால் வேறு எப்படித் தெரிந்துகொள்வது? தொலைபேசியில் பேசலாம் என்றால் நம்மோடு ஒரே கம்பியில் இருக்கும் ஆறு வீடும் காதை வைத்துக்கொண்டிருக்கும். கடிதமே மேல்.

முதல் பனி விழுந்துவிட்டது. முற்றத்துப் பாய்லரை மூட்டிவிட்டேன். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் விறகு, சனிக்கிழமை சாம்பல் அள்ளுவது, எல்லாம் நீ சொன்னபடிதான். முற்றத்தைத் தாண்டி விறகு சுமந்து என் தோள் கழன்றுவிட்டது. ஆனால் குழாயில் வெந்நீர் ஓடி வீடு கதகதப்பாக இருக்கிறது. உன் மகள் காலுறை இல்லாமல் ஓடுகிறாள்.

கூட்டுறவுக் கடையில் பக்கத்து வீட்டு டொய்வோவைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன வருஷம் அவர் தன் பாய்லர் உச்சியில் ஆவி போகும் மூச்சுக்குழாயின் தக்கையை எடுக்க மறந்து தீ மூட்டியபோது, அதே கடையில் நாலு பேர் நடுவே, "ஏன் டொய்வோ, வீட்டுக்கு வெளியில வச்சிருக்கிறது பாய்லரா, வெடிகுண்டா?" என்று கேட்டாயே, அது அவருக்கு இன்னும் ஆறவில்லை. கோடையில் குளவி கூடு கட்டாமல் இருக்க எல்லோரும்தான் தக்கை அடிக்கிறார்கள். மறதி யாருக்கில்லை? நீ வாயை அடக்கியிருக்கலாம்.

உன் ஐலி

*

கப்பலிலிருந்து
நவம்பர் 12

என் ஐலிக்கு,

கோபிக்காதே. இரும்புக்கல் ஏற்றுவதும் இறக்குவதுமாக உட்கார நேரமில்லை. இன்றுதான் தபால் படகு உன் கடிதத்தைக் கொண்டுவந்தது. மூன்று முறை படித்தேன்.

டொய்வோவுக்குத் தோல் மெல்லிசு, அவ்வளவுதான். மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஒருநாள் பாய்லர் பிளக்கும். விறகு போடுகிறவர் பிழைக்க மாட்டார். உண்மையைச் சொன்னால் பொல்லாப்பா?

நம் பாய்லரைப் பற்றி நீ கவலைப்படாதே. அக்டோபரில் நான் வந்திருந்த நாலு நாளும் மழை கொட்டியதே, அப்படியும் விட்டேனா? ஏணி வழுக்கும் என்று கீழ்க்குழாய் வழியாகவே தண்ணீர் ஏற்றி, துருமருந்து கலந்து, கதவு இடுக்கை அடைக்கும் கயிற்றை மாற்றி எல்லாம் முடித்துவிட்டுத்தான் வந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு விறகு போடு. காய்ந்த பிர்ச் கட்டையாகப் போடு, பச்சைக் கட்டை வேண்டாம்.

சமையல்காரன் சுடும் ரொட்டியை வைத்துக் கப்பலுக்கு நங்கூரம் போடலாம். உன் ஏலக்காய் ரொட்டியை நினைத்து ஏங்குகிறேன்.

உன் வில்பர்ட்

*

வைட்டலா சாலை
நவம்பர் 21

அன்புள்ள வில்பர்ட்,

ஒன்று கேட்க வேண்டும். பாய்லர் முனகுகிறது. முதலில் காற்று என்று நினைத்தேன். நேற்றுக் காற்றே இல்லை. தகரத்தை யாரோ உள்ளிருந்து தள்ளுவதுபோல 'டங்' என்று ஒரு சத்தம், பிறகு ஒரு முனகல். கதவுக்கு மேலே பற்றவைத்த இணைப்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிகிறது. பக்கத் தகடு கொஞ்சம் உப்பினமாதிரி தெரிகிறது. என் கண்தான் ஏமாற்றுகிறதோ என்னவோ.

கெய்ல் பக்கத்தில் வரமாட்டேன் என்கிறாள். "அம்மா, அதுக்கு வயிறு வலிக்குதும்மா" என்கிறாள். சிரித்தேன். ஆனால் கதவைத் திறக்கும்போது இப்போதெல்லாம் நானும் ஒதுங்கித்தான் நிற்கிறேன்.

இது எதனால்? சீக்கிரம் எழுது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி.

உன் ஐலி

*

கப்பலிலிருந்து
டிசம்பர் 1

என் அன்பு ஐலிக்கு,

பயப்பட ஒன்றுமில்லை. குளிரில் இரும்பு சத்தம் போடத்தான் செய்யும்.

ஆனாலும் சில விஷயம். விறகைக் குறைத்துக்கொள். காலையில் நாலு கட்டை, மாலையில் மூன்று, அதற்கு மேல் வேண்டாம். அதற்காக அணையவிட்டுவிடாதே, வீட்டுக் குழாயெல்லாம் உறைந்து வெடித்துவிடும், பிறகு தரையையே பெயர்க்க வேண்டும். கதவைத் திறக்கும்போது ஓரமாக நில். கெய்லைக் கொஞ்ச நாள் உன் அக்கா வீட்டில் விட்டுவிடு, அங்கிருந்து பள்ளி பக்கம்தானே. டொய்வோவையோ வேறு யாரையோ பார்க்கக் கூப்பிடாதே. ஒன்றுகிடக்க ஒன்று செய்து வைப்பார்கள். ஜனவரியில் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உனக்கு நீலக் கம்பளிச் சால்வை ஒன்று வாங்கியிருக்கிறேன்.

உன் வில்பர்ட்

*

வைட்டலா சாலை
டிசம்பர் 9

அன்புள்ள வில்பர்ட்,

கெய்லை அக்காவிடம் விட்டுவிட்டேன். நாலு கட்டை, மூன்று கட்டைதான் போடுகிறேன். பாய்லர் இன்னும் முனகுகிறது.

என்னிடம் நீ சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

ஐலி

*

கப்பலிலிருந்து
டிசம்பர் 16

என் உயிர் ஐலிக்கு,

சொல்லிவிடுகிறேன். தூக்கம் போய்விட்டது. சாப்பாடு இறங்கவில்லை.

மூச்சுக்குழாயில் தக்கை இருக்கிறது. மே மாதம் சாக்குத்துணி சுற்றிச் சுத்தியலால் நானே இறுக்கி அடித்தேன். அக்டோபரில் மழைக்குப் பயந்து மேலே ஏறவில்லை, எடுக்கவில்லை. இப்போது அது பனியில் இறுகியிருக்கும். இதைப் படித்ததும் விறகு போடாதே. தீ தானாக அணையட்டும், ஒரு முழு நாள் பக்கத்தில் போகாதே. ஆறிய பிறகு மேலே ஏறிப் பிடுங்கு.

இன்னும் ஒன்று. யாருக்கும் தெரிய வேண்டாம், முக்கியமாக டொய்வோவுக்கு. அந்த மனிதன் கடையில் வைத்து என்னைக் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவான்.

என்னை மன்னித்துவிடு.

உன் வில்பர்ட்

*

அக்கா வீடு
டிசம்பர் 21

வில்பர்ட்,

தக்கை டிசம்பர் ஏழாம் தேதியே வெளியே வந்துவிட்டது. டொய்வோதான் பிடுங்கினார். கெய்லை அனுப்பச் சொன்ன உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் உன் கணக்குப்படியே விறகு போட்டேன். மூன்றாம் நாள் மனம் கேட்கவில்லை. நேரே அவர் வீட்டுக்கு நடந்தேன். அவர் வந்து தகட்டைத் தொட்டுப் பார்த்தார். "இனிமே ஒரு கட்டகூடப் போடாதம்மா. உள்ள போய் அடுப்படியில உக்காரு" என்றார். மறுநாள் ஏணி வைத்து ஏறினார். பிடுங்கியபோது சீறிய சீறலில் அவர் தொப்பி வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. இறங்கி வந்து தக்கையை என் கையில் கொடுத்தார். "வில்பர்ட் வந்தா நீயே எடுத்ததா சொல்லு. நான் இங்க வரவே இல்ல" என்றார். கடையில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒன்பதாம் தேதி நான் உனக்கு எழுதியது பொய். அப்போது பாய்லர் சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. உன்னைச் சோதித்தேன், ஆமாம். என் கேள்வியைப் படித்த அன்றே உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் நீ சொல்வாயா என்பது தெரியவில்லை. அதன் பிறகு கப்பல் இரண்டு தரம் டூலூத் துறைமுகத்தில் நின்றது. துறையில் தொலைபேசி இருக்கிறது. ஆறு வீடு கேட்குமே என்று நீ கூப்பிடவில்லை.

அதையும்கூட மன்னித்திருப்பேன். உன் வீம்பு எனக்குப் புதிதா? பதினாலு வருஷமாகக் கூடவே குடித்தனம் நடத்துகிறேன்.

ஆனால் உன் டிசம்பர் ஒன்றாம் தேதிக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கெய்லை அனுப்பச் சொன்னாய். சரி, அப்பன் செய்ய வேண்டியதுதான். என்னைப் போகச் சொல்லவில்லை. காலையில் நாலு, மாலையில் மூன்று என்று எனக்குக் கணக்குச் சொன்னாய், குழாய் உறையாமல் இருக்க. கதவுக்கு ஓரமாக நிற்கச் சொன்னாய். அந்த இரண்டு நாளும் நான் ஓரமாக நின்றுதான் விறகு போட்டேன், வில்பர்ட்.

நேற்றுப் பாய்லரிலும் வீட்டுக் குழாய்களிலும் தண்ணீரை வடித்துவிட்டேன். தரை பிழைத்துக்கொள்ளும். சாவி டொய்வோவிடம் இருக்கிறது, நீயே போய்க் கேட்டு வாங்கிக்கொள். கெய்லைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்கு வரலாம். அந்த நேரத்தில் நான் இங்கே இருக்க மாட்டேன்.

ஐலி