கொள்ளிடக்கரை மயில் பெட்டி

உறையூர்

அன்பு மகன் கிளமென்டுக்கு, அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு லூர்துராணி எழுதுவது. அரியலூரில் ரயில் ஆற்றில் விழுந்த வருசக் கிறிஸ்துமசுக்கு வந்து போனவன் நீ, இப்போது தனுஷ்கோடியையே கடல் கொண்டுபோய்விட்டது, நாங்கள் மட்டும் மாதா தயவில் அப்படியே இருக்கிறோம், அங்கே சீமையில் நீயும் மருமகளும் பேத்தியும் குளிரில் விறைக்காமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

உன் கடிதத்தை வாசிக்கக் கேட்டேன், அந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு மழையில் சேறு மிதித்து மேட்டுக்காட்டுக்குப் போய், எவனோ பாறை இடுக்கில் ஒளித்த பெட்டியைத் துப்புப் பார்த்துத் தேடி, உள்ளே கிடக்கும் ரப்பர் முத்திரையை உங்கள் நோட்டில் குத்திக்கொண்டு, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறீர்களாம். நான் ஆயுசு முழுக்கக் கட்டைவிரலை மையில் தோய்த்துக் குத்துகிறேன், எனக்குத் தற்குறி என்று பேர். நீங்கள் மலையேறிக் குத்தினால் அது பொழுதுபோக்கு.

இங்கே நீ ஒளித்துவிட்டுப் போன பெட்டியின் கதையைக் கேள். பேத்தி வளர்ந்ததும் கூட்டிவந்து தேடவிடுவேன் என்று ரப்பரில் மயில் வெட்டி, சிவப்பு மையோடு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொள்ளிடக்கரைப் புங்கமரத்து வேரில் செருகினாயே, வெள்ளரி போடுகிற வீரமலை அதைக் கண்டெடுத்தான். மயிலைப் பார்த்ததும் முருகனே வந்துவிட்டார் என்று வேல் நட்டுவிட்டான். கிழமைதோறும் காய்ச்சல்காரப் பிள்ளைகளின் உள்ளங்கையில் மயில் குத்துகிறான், நல்ல கூட்டம். எங்கள் வீட்டுப் பெட்டியப்பா என்று கேட்கப் போனேன், பெரியவரே, தானா மொளச்ச மயிலுங்க, வாயப் பொத்திக்கிட்டுக் கும்புட்டுட்டுப் போங்க என்றான்.

தினம் காலைப் பூசைக்குப் போகிற உன் அம்மா இப்போது பஸ் ஏறிப் போய் அந்த வரிசையில் நிற்கிறாள். கையில் மயில் குத்திக்கொண்டு வந்தால் அழியாமல் இருக்க அன்று முழுக்கக் கரண்டியால் சாப்பிடுகிறாள். சாமியார் என்னம்மா சிவப்பு என்று கேட்டதற்கு பீட்ரூட் நறுக்கினேன் என்றாளாம். பூசை முடிந்த வாயோடு பொய். நான் திட்டினால், என் மவன் வெட்டுன மயிலு, ஒங்களுக்கென்ன வந்துச்சு என்கிறாள். இரண்டு கண்ணிலும் புரை. நீ அனுப்பிய போட்டோவில் பேத்தி வெள்ளையாகத் தெரிகிறாளாம், முகம் தெரியவில்லையாம். டாக்டர் உடனே அறுக்கச் சொல்கிறார். அறுத்து உள்ளதும் போய்விட்டால் என்ன செய்வது, அவனைப் பார்த்துட்டுத்தான் அறுத்துக்குவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள்.

அந்த நாட்டுப் பெட்டிகளுக்கெல்லாம் துப்பு வைத்திருப்பவனே, இதற்கு நான் சொல்கிறேன். டிக்கெட் எடு, ஸ்ரீரங்கத்தில் இறங்கு, வடக்கே கரைக்கு நட, காய்ச்சல் இல்லாமல் வரிசையில் நிற்கும் கிழவியைப் பிடி. வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகலாம், அது உனக்குப் பழக்கம்தானே.

மருமகளுக்கும் பேத்திக்கும் ஆசீர்வாதம். நனைந்த தலையைத் துவட்டிக்கொள். பேத்திக்குத் தமிழ் பேசச் சொல்லிக் கொடு, அம்மாவுக்கு இனிக் காதுதான் மிச்சம்.

இப்படிக்கு,
சவரிமுத்து, கைநாட்டு
(வேண்டுமானால் வெட்டி உன் நோட்டில் ஒட்டிக்கொள்)

ஒன்று விட்டுப்போச்சு. நீ பெட்டி ஒளித்த அன்று நான் வரவில்லை. கூட நின்று பார்த்தவர்களில் வண்டிக்கார அடைக்கலம் போன ஆடியில் போய்விட்டான், உன் சித்தப்பா சகாயநாதன் தவக்காலத்தில் போனான். அது சாமி இல்லை, உன் கைவேலை என்று கண்ணால் கண்டு சொல்ல இந்த ஊரில் மிச்சமிருப்பது உன் அம்மா அற்புதம்மாள் ஒருத்திதான்.