எண்ணெய்க் கையும் சேலை முடிச்சும்

செம்புத் தண்ணிக்காரிக்கு,

இன்று விடிந்தபோது மலையைக் காணோம். மேகம் இறங்கி, நம் இலத்தூர் வரைக்கும் சாரல் தூவியது. சீசன் வந்துவிட்டதே என்று நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சினேன். கை தன்பாட்டுக்கு இரண்டு கிண்ணத்தில் ஊற்றிவிட்டது. உன் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அதையும் என் தலையிலேயே தேய்த்துக்கொண்டேன். கோபப்படாதே, போனவளுக்கு எதற்கு எண்ணெய்க் குளியல்?

மூணாங்கிளாசோடு நின்றவள் மடல் எழுதுகிறாளாக்கும் என்று சிரிப்பாய். சிரி. நீ போய்ச் சேர்ந்த பிறகு, உன்னைக் கேலி செய்யாமல் ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். அதற்கு மேல் முடியவில்லை.

குற்றாலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்தும் அருவிக்குள் ஒரு தடவைகூடத் தலையைக் கொடுக்காதவள் நீ. ஓரத்தில் குந்திச் செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டு, "நானும் குளிச்சாச்சுட்டி" என்பாய். உள்ளே இழுத்தால், "அது தண்ணியா விழுது? மலையே விழுத மாதிரில்லா இருக்கு!" என்று கத்துவாய்.

அந்த வருஷம் வெளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து கண் தெரியாத பெண்பிள்ளைகளைத் தென்காசிக்குக் கேம்ப் கூட்டிவந்தார்கள். சமைக்கவும் கூடமாட நிற்கவும் பெண்கள் வேண்டும் என்றதும் நாம்தான் முதலில் போய் நின்றோம். நான் வேடிக்கை பார்க்க. நீ உன் மாமியாரிடமிருந்து தப்ப.

குற்றாலம் போன நாளை மறப்பேனா? முதலில் தென்காசிக் கோயில். வாசலில் எப்போதும் வீசுகிற அந்த மலைக்காற்று முகத்தில் அறைந்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. ராஜாத்தி என்ற பிள்ளை திரும்பத் திரும்ப வெளியே போய் உள்ளே வந்தாள்.

"யாருக்கா ஊதுறது?"

"மலையில ஒருத்தன் இருக்காம்ட்டி. வேலை இல்லாம ஊதிட்டே கெடக்கான்" என்றாய்.

பிறகு மாட்டு வண்டிகளில் குற்றாலம். இறங்கியதும் நாம் என்ன செய்தோம்? அருவி என்றால் எண்ணெய். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். யாரையும் கேட்காமல் அத்தனை பிள்ளைகளுக்கும் உச்சி முதல் கால்வரை அப்பினோம். அப்புறம்தான் டீச்சரம்மா வந்து சொன்னாள்: "எல்லாரும் கைகோத்துக்கிட்டுதான் உள்ளே போகணும்."

கை கோத்தால் நின்றால்தானே? ஒருத்தி கை ஒருத்தி கையிலிருந்து விரால் மீனாக வழுக்கியது. சீயக்காய் போட்டுச் செம்பு செம்பாக ஊற்றியும் பிசுக்குப் போகவில்லை.

"எண்ணெய் தேய்க்கச் சொன்னது யாரு?"

நீ என்னைக் காட்டினாய். நான் உன்னைக் காட்டினேன்.

"இப்படி உள்ளே அனுப்ப மாட்டேன். வண்டியில ஏறுங்க" என்றாள் டீச்சரம்மா. பிள்ளைகள் தட்டித் தடவி வண்டிப் பக்கம் திரும்பினார்கள். ராஜாத்தி மட்டும் கேட்டாள்: "சத்தத்தை மட்டும் கேட்டுட்டுப் போகவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

அதற்குமேல் நீ சும்மா நிற்கவில்லை. மூட்டையைப் பிரித்து நம் மாற்றுச் சேலைகளையெல்லாம் ஒன்றோடொன்று முடிந்தாய். பிள்ளைக்கு ஒரு முடிச்சு. எண்ணெய்க் கையானாலும் முடிச்சு நழுவாது. இழுத்துப் பார்த்துவிட்டு டீச்சரம்மா தலையாட்டினாள். ஒரு முனையை வெளியே ஒருத்தி பிடிக்க வேண்டும். மறு முனையோடு ஒருத்தி அருவிக்குள் பாறையை ஒட்டி நிற்க வேண்டும்.

நான் உள்முனையை எடுக்கப் போனேன். தட்டிவிட்டாய்.

"ஏட்டி, உன் உடம்புக்கு நீ வெளிய நில்லு. தேரையே கட்டி நிறுத்தலாம். நான் போறேன்."

"நீயா?"

"வாய மூடிட்டுப் பிடி."

போனாய். உன் முகத்தை நான் பார்த்தேன், பிள்ளைகள் பார்க்கவில்லை. தண்ணீர் தலையில் விழுந்ததும் நீ போட்ட அலறல் அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. உன் பக்கத்து முடிச்சைப் பிடித்திருந்த ராஜாத்தி, "பயமா இருக்காக்கா?" என்று கத்தினாள்.

"நானும் கண்ண இறுக்க மூடிட்டுதாம்ட்டி நிக்கேன்!"

"அப்போ நீங்களும் எங்க செட்டு!" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. அவர்கள் குலுங்கிய குலுக்கலில் என் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். நீ வரவில்லை. டீச்சரம்மா விசில் ஊதியும் வரவில்லை. கடைசியில் நான்தான் சேலையோடு சேர்த்து உன்னைக் கிணற்று வாளிபோல இழுத்தேன். மாற்றிக்கொள்ள நூல்கூட இல்லாமல், சொட்டச் சொட்ட வண்டியில் பாடிக்கொண்டு திரும்பினோம். எல்லா முடிச்சும் அவிழ்ந்தது. உன் பச்சைக்கும் என் சிவப்புக்கும் நடுவில் போட்டது மட்டும் நனைந்து இறுகி, பல்லால் கடித்தும் அவிழவில்லை. வெட்டலாம் என்றேன். "வெட்டுனா யார் சேலை குறையும்?" என்று சண்டைக்கு வந்தாய். அப்படியே என் பெட்டியில் போட்டு வைத்தேன். இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

நாளைக்கு மறுபடி கேம்ப் பிள்ளைகள் குற்றாலம் போகிறார்கள். இந்த முறை குளித்து முடித்த பிறகுதான் எண்ணெய் என்று டீச்சரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நம் சேலையைத்தான் கொண்டுபோகிறேன். வெளிமுனைக்கு உன் மகள் வருகிறாள். அவளும் இப்போது தேரைக் கட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள். உள்முனை எனக்கு.

எத்தனையோ சீசன் அந்த அருவியில் குளித்தவள்தான். ஆனாலும் நாளைக்கு நானும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் நிற்பேன்.

சிரிக்காதேட்டி.