தகட்டில் போட்ட சுழி

12-6-1979, செவ்வாய்

சேலத்தில் புதிதாக வரும் ஆலையில் வெல்டர் தேர்வுக்குப் போன என் வீட்டுக்காரர் சாயங்காலமே திரும்பிவிட்டார். வேலை இல்லையாம்.

நாமக்கல் பட்டறையில் எந்த லாரிக்குப் பாடி கட்டினாலும், முதலில் ஓர் ஓரத்தில் வெல்டிங்காலேயே பிள்ளையார் சுழி போடுவது அவர் வழக்கம். தேர்வுக்குக் கொடுத்த தகட்டிலும் கை தானாகப் போட்டுவிட்டது. ஆளை அடையாளம் காட்டும் குறி எதுவும் தகட்டில் இருக்கக் கூடாதாம். தள்ளிவிட்டார்கள். நாடு முன்னேறத் தொழில் தெரிந்த கைகள் வேண்டும் என்று காலையில் பேசியதும் அதே அதிகாரிதானாம்.

"ஜாயிண்டு நின்னுச்சுங்களா மாமா?" என்றேன்.

"சம்மட்டில அடிச்சே பாத்துட்டாங்க புள்ள. கீறல்கூட உடுல. ஆபீசரு ரண்டு தடவ தடவிப் பாத்தாரு. அப்பறந்தான் சுழி கண்ணுல பட்டுச்சு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமே இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

உருளைக்கிழங்கை அரிந்து, வெல்டிங் வெளிச்சத்தில் சிவந்திருந்த அவர் கண்கள்மேல் வைத்தேன். அப்படியே தூங்கிவிட்டார்.

தேர்வுக்கு மனு எழுதிக் கொடுத்தவள் நான்தான். அதன் தலையிலும் சுழி போட்டுத்தான் ஆரம்பித்தேன். காகிதத்தில் இருந்ததை யாரும் தள்ளவில்லை.