கரி வில்லை கொடுத்த நாள்

நவம்பர் 3

ஊழியர் தன்னார்வத் திட்டம் என் தலையில் விழுந்தது. மனிதவளத்தில் வேறு ஆளே இல்லையாம். மலைச்சரிவுக் குடியிருப்பில் பதினெட்டு வீடுகளுக்குக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எரிக்கும் கரி வில்லை கொடுக்க வேண்டும், வீட்டுக்கு முந்நூறு. அறுபது பேர் வருவார்கள் என்று வட்டார அலுவலகத்துக்கு இயக்குநர் பாங் வாக்குக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்காமலே.

நவம்பர் 8, சனி

பட்டியலில் உள்ள வீடுகளைப் பார்த்துவரப் போனேன். பேருந்தில் நாற்பது நிமிடம். இதுவும் சியோல்தான். ஏழாவது கதவைத் தட்டினேன். திறந்தவர் எங்கள் பதினோராம் தளத்தைத் துடைக்கும் அம்மா.

ஆறு வருடமாகத் தினமும் பார்க்கிற முகம். பெயர் மா ஜொம்ரே என்பதையே பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "மருமக சமையல் அலுத்துப்போச்சு, பொழுதுபோகத்தான் வேலைக்கு வரேன்" என்று காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று எல்லாரையும் சிரிக்கவைப்பாரே. அறையில் ஒரு தட்டு, ஒரு கிண்ணம். மருமகளும் இல்லை, யாரும் இல்லை.

என்னைவிட அவர் சீக்கிரம் தெளிந்துவிட்டார். கதவைப் பாதி சாத்திக்கொண்டு சொன்னார்: "ஆபீஸ்ல யாருக்கும் இது என் வீடுன்னு தெரியக்கூடாது மேடம். அன்னிக்கு நான் எங்கயாவது போயிடறேன். கரி போடற கொட்டகையைத் திறந்து வச்சிருப்பேன். கரி வேணாம்னு சொல்ற நிலைமைல நான் இல்ல."

"சத்தியமா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்மா."

நவம்பர் 17

நாற்பத்தொன்பது பேர்தான் பதிந்திருக்கிறார்கள். விற்பனைப் பிரிவில் எல்லாருக்கும் திடீரென்று உறவுக்காரர் கல்யாணம். பாங் சலித்துக்கொண்டார்: "துப்புரவு ஒப்பந்தக்காரர்கிட்ட பதினோரு பேர் கேளு. அவங்க மாட்டேன்னு சொல்லமாட்டாங்க." மின்னஞ்சல் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

நவம்பர் 22, சனி

எழுத முடியவில்லை.

நவம்பர் 23

நேற்று துப்புரவுக்காரர்களின் வேனிலிருந்து மா ஜொம்ரேயும் இறங்கினார்.

நான் அனுப்பிய மின்னஞ்சல். ஒரு நொடிகூட எனக்குத் தோணலையே. என்ன ஜென்மம் நான்?

"வராதவங்க பேரை எழுதிக்கிறாங்களாம்" என்று மட்டும் முணுமுணுத்தார், தன்னார்வலர்களுக்கான மஞ்சள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டே.

வரிசையாக நின்று கரியைக் கைமாற்றினோம். அவர் வீட்டுக்கு வந்தபோது கொட்டகைக் கதவு காற்றில் சாத்திக்கொண்டு சிக்கியிருந்தது. யார் இழுத்தும் அசையவில்லை. அவர் கீழ் ஓரத்தைக் காலால் தூக்கித் தள்ளினார். திறந்துகொண்டது.

"அட, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் கணக்குப் பிரிவுப் பையன்.

"போன வாரம் என்கூட வந்து பார்த்தாங்க" என்று புளுகினேன். போன உயிர் திரும்பி வந்தது—அரை நிமிடத்துக்கு.

பாங் கன்னத்தில் கரி பூசிக்கொண்டு வந்தார். "வீட்டுக்காரங்க எங்க? படம் எடுக்கணுமே." ஊரில் இல்லை என்றேன். சுற்றுமுற்றும் பார்த்தார். "அம்மா, நீங்க வாங்க. வயசு பொருத்தமா இருக்கு. மஞ்சள் சட்டையைக் கழட்டிட்டு வாசல்ல நில்லுங்க. நீங்கதான் வீட்டுக்காரம்மான்னு வச்சுக்குவோம்."

தடுத்தால் என்ன காரணம் சொல்வேன்?

அவர் மேல்சட்டையைக் கழற்றி, மடித்து, என்னிடம் கொடுத்தார். தன் வாசலில் போய் நின்றார். பாங்கிடமிருந்து கரியை இரண்டு கையாலும் வாங்கி, இடுப்பு வளையக் குனிந்தார்.

"சூப்பரா நடிக்கிறாங்கப்பா" என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

டிசம்பர் 5

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு எங்கள் தளத்திலேயே மாட்டிவிட்டார்கள், மின்தூக்கிக்கு எதிரில். எடுத்துவிடச் சொன்னேன். "காரணம்?" என்றார் பாங். இருக்கிற ஒரே காரணத்தைச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேனே.

"எனக்குப் பிடிக்கல சார்."

"தலைவருக்குப் பிடிச்சிருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை நடத்தச் சொல்லிட்டார். நீ வேலையைப் பாரு."

காலையில் மா ஜொம்ரேதான் அந்தப் படத்தின் கண்ணாடியையும் துடைக்கிறார்.

டிசம்பர் 8

இன்று துடைக்க வந்தது வேறு ஒரு அம்மா. மா ஜொம்ரே வேறு கட்டடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

டிசம்பர் 15

போன செவ்வாய், யாரும் வருவதற்கு முன்பே நாற்காலி மேல் ஏறிப் படத்தைக் கழற்றினேன். இப்போது என் வீட்டு அலமாரியில், துணிகளுக்குப் பின்னால் இருக்கிறது. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் எடுத்தேன். கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்துக்கொண்டேன்.

சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. ஆறு நாளாகிறது. இன்னும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.