கொழுப்பு மாத்திரை

என்னங்க,

நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். நேரில் சொன்னால் "விடு" என்று வாயை அடைத்துவிடுவீர்கள். சலவைக்குப் போன சட்டை வந்துவிட்டது, காலரில் கஞ்சி அதிகம். சரி, அதுவல்ல விஷயம்.

உள்ளங்கால் மச்சம் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து உங்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான்தான். அதில் ஒன்று கொழுப்பைக் குறைப்பது என்றார் மருந்துக்கடைக்காரர். "எலும்பும் தோலுமா இருக்கற மனுஷனுக்கு எதுக்குங்க இது?" என்று சிரித்துவிட்டு வந்தேன். அதை மட்டும் உங்களுக்குக் கொடுக்கவே இல்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

இன்று டாக்டர், "ரத்தத்துல கொழுப்பு துளிகூடக் குறையலையே, அந்த மாத்திரையைப் போடறீங்களா இல்லையா? புற்றுநோய் மருந்துக்கு அது கைகொடுக்குதான்னு பாக்கத்தானே சேர்த்தேன்?" என்று கேட்டபோது என் முகம் செத்துப்போயிற்று. நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள்.

"கசக்குதுன்னு நான்தான் துப்பிட்டேன் டாக்டர்" என்றீர்கள்.

அவர் உங்களைத் திட்டித் தீர்த்தார். நான் கைப்பை ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன்.

நாளை நானே போய் அவரிடம் உண்மையைச் சொல்கிறேன். மாத்திரை டம்ளர் பக்கத்தில் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொழுப்பெடுத்தவள்